மூணாவது ஸ்கோப்பு

ஏனுங் தம்பி, இது உக்கடம் போற வண்டிதானுங்களே? ஆமாவா. சரி, சரி. போர்டுல என்னத்தையோ எழுதிப் போடறாங்க, ஒண்ணும் வெளங்கறதில்ல. முந்தியெல்லாம் பெயிண்டு அடிச்சுப் பெருசா எழுதுவாங்க, அரை மைலுக்கு அந்தப் பக்கமே தெரியும். இப்ப லைட்டப் போட்டு ஓட விடறாங்க. அது யாரு கண்ணுக்குத் தெரியும்.

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா. இந்தப் பையக் கீழ வெக்க முடியாது, மடியிலயேதான் வெச்சுக்கோணும். முட்டையெல்லாம் இல்லீங்க. ஸ்கோப்பு. துப்பாக்கி மேல மாட்டுவாங்கல்ல, தூரத்துல இருக்கறதக் கிட்டத்துல காட்டறதுக்கு, அது. நீங்க பயந்துக்க வேண்டாம். துப்பாக்கி ஊட்டுல பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்குது. லைசென்ஸ் இருக்குது, பஞ்சாயத்து லிஸ்டுலயும் பேரு இருக்குது. கொழிஞ்சாம்பாறைக்கு மேக்க வந்து பன்னி சுடற சென்னியப்பன்னு கேளுங்க, யாரும் கைய நீட்டி வழி காட்டுவாங்க.

எங்க பக்கம் கேரளாக்காரனோட சட்டமுங்க. காட்டுப்பன்னி வந்து வெள்ளாமைய உழுது போட்டுப் போச்சுன்னா பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கோணும். பிரசிடென்ட் உத்தரவு போட்டாருன்னா லிஸ்டுல இருக்கறவங்க போயிச் சுடுவோம். சுட்ட பன்னிய மண்ணெண்ணெய் ஊத்திப் பொதைச்சரோணும். ஒரு துண்டு கறி எடுக்கக் கூடாது. அது கெடக்குது, நான் கறிக்குச் சுடறவன் இல்ல. நாப்பது வருசமாத் துப்பாக்கி புடிக்கறேன். ஒரு காலத்துல ஓடற பன்னிய ஓடற வாக்குலயே சாச்சவன்.

இப்பத் துப்பாக்கிக் கடைக்குத்தான் போறேன். இதத் திருப்பிக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கோணும். நாளைக்குக் காலையில எனக்கு நல்ல ஸ்கோப்பு வேணுமுங்க. இல்லாட்டி ஒரு உசுரு போயிரும். வாய்க்கு வந்ததப் பேசறேன்னு நெனைக்காதீங்க. இன்னிக்குச் சனிக்கெழமை. நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு இருக்குது.

இது மூணாவதுங்க. மொத ஸ்கோப்பு கூரியர்ல வந்துது. பாக்கறதுக்கு என்னமோ ராணுவத்துச் சாமானாட்டம் இருந்துது. பாத்தா அது புறாச் சுடற ஏர்கன்னுக்குச் செஞ்சதாமா. என்றது ரைபிளுங்க. அது ஒதைக்கற ஒதையில மூணாவது தோட்டாவுக்கே உள்ள இருக்கற குறுக்குக் கம்பி சாஞ்சு போச்சு. நான் நேரா சுடறேன், தோட்டா பக்கத்துக் காட்டுக்குப் போவுது.

ரெண்டாவதுக்கு இந்தக் கடைக்கே வந்தேன். இருக்கறதுலயே பெரிய நம்பரா எடுங்கன்னேன். இருவத்திநாலு மடங்கு பெருசாக் காட்டறது ஒண்ணு இருந்துது. கடைக்காரரு, எத்தனை கெஜத்துல சுடுவீங்கன்னு கேட்டாரு. நாப்பது, எச்சாப் போனா அம்பதுன்னேன். அவரு சொல்றாரு, "நாப்பது கெஜத்துக்கு இருவத்திநாலு எதுக்குங்ண்ணா? பன்னி முழுசாத் தெரியாது, மசுருதான் தெரியும். ஒண்ணுல இருந்து நாலு மடங்கு போதும். என்னையக் கேட்டா உங்களுக்கு ஸ்கோப்பே வேண்டாம். குழல் நுனியில இருக்கற முள்ள வெச்சே அடிச்சரலாம்." எனக்கு வந்துது பாருங்க கோவம். நீ விக்கறதுக்கு உக்காந்திருக்கறயா, எனக்குப் புத்தி சொல்றதுக்கு உக்காந்திருக்கறயான்னு கேட்டுப்போட்டேன். அந்த முள்ளு தெரிஞ்சா நான் எதுக்குடா உன்ற கடைக்கு வாறேன். மனசுக்குள்ளதான் நெனைச்சேன், சொல்லல.

கொண்டாந்து மாட்டிப் பாத்தா அவரு சொன்னாப்பலயே மசுருதான். அதும் கழுத்து மசுரா, வால் மசுரான்னு தெரியல. சரி, இன்னுங் கொஞ்சம் ஒட்ட வெச்சுப் பாக்கலாம்னு கண்ணக் கொண்டு போயி கண்ணாடியில அப்பி வெச்சேன். துப்பாக்கிக் குதிரைய இழுத்தனா, ஒதைச்சுட்டு வந்து புருவத்துல ஒரே வெட்டு. இதா பாருங்க, இன்னும் வடு இருக்குது. நாலு விரக்கடை தள்ளித்தான் கண்ண வெக்கோணுமாம். நாலு விரக்கடை தள்ளி வெச்சா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க. நான் என்னதான் பண்ணட்டும்.

அப்பறமேட்டுக்குத்தான் இந்த மூணாவது. இதுக்குள்ள செகப்பா ஒரு பொட்டு எரியும். பொட்டக் கொண்டு போயிப் பன்னி மேல வெச்சுச் சுட வேண்டியதுதான், வேற வேலையே இல்லைன்னாரு. பொட்டு நல்லாத் தெரியுதுங்க. கொறை சொல்லக் கூடாது. பொட்டு எது மேல நிக்குதுங்கறதுதான் தெரியல.

கண்ணா? என்ற கண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாரும் மொத அதத்தான் கேக்கறீங்க. பஞ்சாயத்து லிஸ்டுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் குடுக்கோணும், தெரியுமில்ல. போன சித்திரையிலகூடப் போனேன். செவுத்துல எழுத்து அட்டை தொங்கும். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டேன். பத்து வருசமா அதே அட்டைதானுங்களே, எனக்குத் தலைகீழாக் கேட்டாலும் வரும். போன தடவை டாக்டரு அட்டையக் காட்டறதுக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டேன், அவரே சிரிச்சுட்டாரு. கண்ணு தெரியாதவனுக்குச் சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா, சொல்லுங்க.

என்ற ஊட்டுக்காரி இருக்கறாளே, பாவாத்தா, அவளும் இதே பாட்டுத்தான். கோயில் மண்டபத்துல கண்ணு கேம்ப்பு வந்துதுன்னா என்ற பேரையும் சேத்து எழுதிக் குடுத்துட்டு வந்துருவா. ஒரு நாளுப் போனதில்ல. போனா ஆப்பரேஷன்னு சொல்லுவான். ஆப்பரேஷன்னு காயிதத்துல ஏறுச்சுன்னா லிஸ்டுல பேர அடிச்சுருவாங்க. அப்பறம் நான் யாருங்க? கடலைக்காட்டுச் சென்னியப்பன். அந்தப் பேருல எங்கூர்ல ஆறு பேரு இருக்கறாங்க.

விசயத்துக்கு வாறேன். புதங்கெழமை காலையில, வெயில் நல்லா ஏறிருச்சு. எங்க கடலைக்காட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவால உண்ணிமுள்ளுப் பொதரு ஒண்ணு மண்டிக் கெடக்குது. அதுக்குள்ள ஒரு ஒத்தைப் பன்னி. கெடாப் பன்னிங்க, கன்னுக்குட்டி ஒசரம் இருக்கும். பாவாத்தாளோட தம்பி நாச்சிமுத்துதான் எப்பவும் நாயிங்களக் கூட்டிட்டு முன்னால போவான். அவன் கலைச்சு உடுவான், நான் வரப்புல நின்னு சுடுவேன். இருவது வருசமா அப்பிடித்தான். அவன் கலைச்சான், அது வெளிய வந்துது. பொட்ட வெச்சேன். அடிச்சேன்.

பட்டுது. படாம இல்ல. பின்னங்கால்ல பட்டுது. கத்திக்கிட்டே மறுபடியும் பொதருக்குள்ள பூந்துருச்சு. நாச்சிமுத்து, உழுந்துருச்சு மச்சான்னு சொல்லீட்டு உள்ள போனான். உழுகல. திரும்பி வந்து அவன ஒரே முட்டு. தொடையில இங்க இருந்து இங்க வரைக்கும். மல்லாக்க உழுந்துட்டான். அது மேல ஏறி நிக்குது. நான் முப்பதடியில நிக்கறேனுங்க. தோட்டா உள்ள இருக்குது. வெரலு குதிரை மேல இருக்குது. சுடுங்க மச்சான், சுடுங்க மச்சான்னு கத்தறான்.

ஸ்கோப்பு மங்கிப்போச்சுங்க. பனி புடிச்சுக்கிச்சு.

பங்குனி மாசத்துல ஏது பனியா? இருக்குமுங்க, வாய்க்கா ஓரம், ஏதோ ஈரம். கண்ணாடிச் சாமானத்த யாரு நம்பறது. நான் சுடல, அவ்வளவுதான். நாலு நாயும் சேந்து மேல உழுந்து அதத் தள்ளிட்டுப் போச்சு. நாயிங்க இல்லாட்டி அவன அன்னிக்கே எடுத்திருப்போம்.

இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறான், இதே கோயமுத்தூர்லதான். பொழைச்சுக்குவான்னுட்டாங்க. நடக்கறது எப்பிடின்னு சொல்லல. மறுநாளு, வேசாலக்கெழமை, போயிப் பாத்தேன். மூஞ்சி மஞ்சளா இருந்துது. என்னையவே பாத்துட்டிருந்தான். அப்பறம் மெதுவாக் கேட்டான், "ஏன் மச்சான் சுடல?" ஸ்கோப்பு மங்கிருச்சு மாப்ளன்னேன். சரின்னான். அந்தச் சரிதானுங்க என்னையக் கொல்லுது. அவன் பொண்டாட்டி அப்பிடி உடல. வராந்தாவுல நாலு பேரு கேக்கறாப்பல, "கெணத்துப் பங்குத் தகராறு இருக்குதல்ல, அதான் வேடிக்கை பாத்துட்டு நின்னுட்டாரு"ன்னு சொல்றா. கெணத்துல தகராறு இருக்குது, இல்லைங்கல. அதுக்காக, கையத் தூக்கிக் கத்தறவனப் பாத்துட்டு நிப்பனா? அவன் சின்னப் பையனா இருக்கறப்பவே என்ற தோள்ல உக்காந்து தேர் பாத்தவனுங்க. ஊருக்குள்ளயும் ரெண்டு பேச்சு ஓடுது. பாதிப்பேரு வேணும்னே நின்னேங்கறாங்க, பாதிப்பேரு பயந்து நின்னேங்கறாங்க. எது மேலுன்னு எனக்கே தெரியல.

எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குதுங்க. அடிபட்ட பன்னிய அடிச்சவந்தான் முடிக்கோணும். கையில எத்தனை நல்ல துப்பாக்கி இருந்தாலும் அடுத்தவன் உள்ள போக மாட்டான். அடிச்சவன் அவன் வாயால கூப்பிடோணும், என்னால ஆகல, நீ வான்னு. அப்பத்தான் வருவான். நாப்பது வருசத்துல என்னைய எத்தனையோ பேரு கூப்பிட்டிருக்கறாங்க. நான் ஒருத்தனையும் கூப்பிட்டதில்ல.

லிஸ்டுல இன்னொரு ஆளு இருக்கறான். பிஜுன்னு பேரு, ரப்பர் தோட்டத்துக்காரன், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவன் ஊடு தேடி வந்துட்டான். வாசல்லயே நின்னுட்டு, "சென்னியப்பண்ணா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் வந்தர்றேன்"னான். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? என்ற பன்னிய முடிக்க எனக்குத் தெரியும், நீ உன்ற ரப்பரு மரத்தப் போயிக் கீறுன்னு சொல்லித் தொரத்தி உட்டுட்டேன். அவன் ஒண்ணும் எதுத்துப் பேசல. நல்ல பையன். அதான் எரிச்சலே.

பன்னி அதே பொதருக்குள்ளதான் இருக்குது. நேத்து எங்கயோ மேய்ஞ்சிட்டிருந்த கன்னுக்குட்டியக் கிழிச்சுப் போட்டிருச்சு. மூணு கால்ல நிக்கற மிருகமுங்க, வலியில யாரு என்னன்னு பாக்காது. திங்கக்கெழமை கடலை புடுங்க பதினாலு பொம்பளையாளு வாராங்க. பொதர ஒட்டித்தான் மொத வரிசையே. ஏற்கனவே ரெண்டு நாளுத் தள்ளிப் போட்டாச்சு, இதுக்கு மேல போனா காய் மண்ணுக்குள்ளயே மொளைச்சுரும். அதனாலதான் நாளைக்குக் காலையில அத முடிச்சாகோணும்.

நாயிங்கள யாரு கூட்டிட்டுப் போறதுங்கறீங்களா? அதச் சொல்லாம உட்டுட்டேன். பாவாத்தா போறா.

வேற வழி இல்லீங்க. நாச்சிமுத்துக்கு அடுத்து அந்த நாயிங்க அவ சொன்னாத்தான் கேக்கும், சோறு வெக்கறவ அவதானே. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. என்ற தம்பியக் கிழிச்சது இன்னும் எத்தனை பேரக் கிழிக்கப்போவுதோ, நானே முன்னால போறேன்னுட்டா. அம்பத்தஞ்சு வயசு அவளுக்கு. வேண்டாம்னு சொன்னேன். அப்ப பிஜுவக் கூப்பிடுங்கன்னா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

ஆனா பொம்பளைங்க புத்தி எங்க போவுதுன்னு பாருங்க. இன்னிக்கு நான் பொறப்படறப்ப, சட்டைக்குப் பித்தான் போட்டு உட்டுட்டே கேக்கறா, "ஏனுங்க, நாளைக்கு நான் மஞ்சச் சீலை கட்டிக்கட்டுங்களா, செகப்பு கட்டிக்கட்டுங்களா? உங்களுக்கு எது வாகாத் தெரியும்?" பன்னி வேட்டைக்குப் போறதுக்குச் சீலைப் பொருத்தம் பாக்கறா. ஏதோ ஒண்ணக் கட்டித் தொலைன்னு சொல்லீட்டு வந்துட்டேன்.

என்னங்க தம்பி, சிரிக்கலயா?

எதுக்குக் கேட்டாங்கறீங்களா... எதுக்குக் கேப்பா. சும்மாதான் கேட்டிருப்பா.

வண்டி எதுக்கு நிக்குது? செக்போஸ்ட்டா. லாரி வரிசையா, அப்ப இப்போதைக்கு நகராது. நீங்க கண்ணாடி போட்டிருக்கறீங்க, படிச்சவரு. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இதப் புடிச்சு ஒருக்காப் பாருங்க. கடைக்காரன்கிட்டப் போயி, நான் மட்டும் சொல்லல, கூட வந்தவரும் மங்கலாத்தான் இருக்குதுங்கறாருன்னு சொல்லோணும். பயப்படாமப் புடிங்க, வெறுங் குழாதான். நாலு விரக்கடை தள்ளி வெச்சுக்கோங்க. ஆமா. அதா, அந்தக் கரட்டு மேல எருமை ஒண்ணு நிக்குது பாருங்க, பாறைக்குப் பக்கத்துல, கருப்பா. அதப் பாருங்க. கொம்பு தெரியுதா?

எருமை இல்லையா?

அந்தப் பாறைதானுங்களே? பொம்பளையாளா. வெறகு பொறுக்கறாங்களா. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி. தலைல துண்டு கட்டியிருக்கறதுகூடத் தெரியுதா. கையில அருவாளா.

சீலை என்ன கலருங்க?

செகப்பு. நல்ல செகப்புங்களா? கருஞ்செகப்பா இருக்கும், பாருங்க. மொளகாப்பழச் செகப்பா.

குடுங்க இப்பிடி.

இல்லீங்க. இருங்க, பேசாதீங்க. இன்னொருக்காப் பாக்கறேன்.

அது எருமைதானுங்க. எனக்கு எருமைதான். நீங்க பொம்பளையாளுன்னு சொன்னதுக்கு அப்பறமும் எனக்குக் கருப்பா ஒரு எருமைதான் நிக்குது. பொட்டு அது நடு நெஞ்சு மேல இருக்குது.

தண்ணி இருக்குதுங்களா உங்கட்ட? ஒரு வாய் குடுங்க.

தம்பி, உங்களுக்குச் சொல்றேன். பொண்டாட்டிகிட்டச் சொல்லல, அந்த ஆஸ்பத்திரியில கெடக்கறவன்கிட்டச் சொல்லல. பனியெல்லாம் ஒண்ணும் புடிக்கல. நான் கண்ண வெச்சுப் பாத்தேன், ரெண்டு கருப்பு தெரிஞ்சுது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டும் பொரண்டுக்கிட்டு இருக்குது. எது பன்னி, எது நாச்சிமுத்துன்னு தெரியல. சுடுங்க மச்சான்னு சத்தம் வருது, எந்தக் கருப்புல இருந்து வருதுன்னு தெரியல. ஒருக்கா மேல இருக்கறது மேல பொட்ட வெச்சேன். வெரல மடக்கிட்டேன், பாதி மடக்கிட்டேன். அப்ப அந்தக் கருப்பு கையத் தூக்குச்சு. அது கையா, காலா, காதா, சாமி சத்தியமா எனக்குத் தெரியலீங்க. உட்டுட்டேன். அவன் பொண்டாட்டி சொல்றா வேடிக்கை பாத்தேன்னு. பாக்க முடிஞ்சிருந்தா நான் சுட்டிருப்பனே.

நாளைக்கு அதே எடத்துல பாவாத்தா நிப்பா. அவளும் ஒரு கருப்பு.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. தெரிஞ்சுட்டேதான் சீலைக் கலரக் கேட்டிருக்கறா. தெரிஞ்சுட்டே வாரேங்கறா. முப்பத்தி நாலு வருசம் ஒண்ணா இருந்துட்டு, இந்த ஆளுகிட்ட நேராச் சொன்னாக் கேக்க மாட்டான்னு சீலையக் கேட்டிருக்கறா பாருங்க. நான் கட்டித் தொலைன்னுட்டு வந்திருக்கறேன்.

கடைக்காரன் என்ன ஸ்கோப்பு குடுத்தாலும்... இல்லீங்க, இருக்குமோ? இதவிட ஒசத்தியா, வெளிநாட்டுது, கண்ணாடி நல்லதா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அப்பிடி ஒண்ணு இருக்காதா?

தலைய ஆட்டுறீங்களா, ஆட்டலயான்னு எனக்குச் சரியாத் தெரியல. வாயத் தொறந்து சொல்லுங்க.

சரிங்க.

இந்தாங்க என்ற போனு. பிஜுன்னு பேரு இருக்கும், தேடி எடுங்க. நீங்க பேசக் கூடாது, அடிச்சவன் வாயாலதான் கூப்பிடோணும். நம்பர மட்டும் போட்டுக் குடுத்துருங்க, போதும். மணி போவுதா? குடுங்க.

அலோ. பிஜு. நாந்தான், சென்னியப்பன். ஆமா, பஸ்ல இருக்கறேன். கோவிச்சுக்கிட்டயா? இல்ல, சும்மா கேட்டேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீ எங்க தோட்டத்துக்கு வந்துரு. ஆமா, அந்தப் பன்னிக்குத்தான். என்னால ஆகல, நீ வா. சொல்லீட்டனா? கேட்டுதா உனக்கு?

ஒண்ணும் இல்லடா, இந்த ஸ்கோப்பு சரியில்ல. மூணு மாத்திட்டேன், ஒண்ணும் சரியில்ல. அதான்.

என்னது?

வேண்டாம் பிஜு. வேண்டாங்கறேன்ல. உன்றது நல்ல ஸ்கோப்புத்தான், நான் இல்லைங்கல. கழட்டிக் கொண்டாந்து தாரேங்கற, உன்ற மனசு யாருக்கு வரும். வேண்டாம். என்ற பேரு கெட்டுறக் கூடாதுன்னு நீ பாக்கற, எனக்குப் புரியுது. கேளு. நான் சொல்றதக் கேளு. இங்க பக்கத்துல ஒரு தம்பி உக்காந்திருக்கறாரு, அவருக்கு இதுலயே எல்லாம் தெரியுது.

உன்ற ஸ்கோப்புலயும் எனக்குத் தெரியாது, பிஜு.